உங்கள் ஊர்க் கண்மாயின் சட்டத்தைத் தேடிப் படிப்பது எப்படி

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மூன்று மடைகள் (பாசன நீர் திறக்கும் மதகுகள்), ஒரு கலுங்கு (மிகை நீர் வழியும் இடம்). நடுமடைக்கு முன்னால் சேர்ந்த வண்டலை யார் அள்ளுவது என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தகராறு வந்து, அது நீதிமன்றம் வரை போனது. அப்போது நான் மதுரையில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வழக்குக் காகிதக் கட்டைப் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் கடமை எங்கே எழுதியிருக்கிறது? தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள்."

அதைத் தேடி எடுக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. எந்தப் புத்தகத்தைக் கேட்பது, எந்த ஆண்டைப் பார்ப்பது, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்லித்தர யாரும் இல்லை. இன்று அதே வேலையை நான்கு நாளில் முடித்துவிடுவேன். ஊர்ப் பொதுச் சொத்துக்காக அலைகிறவர்கள் என்னைத் தேடி வரும்போதெல்லாம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் கண்மாய், சாலை, சத்திரம், வாசகசாலை ஆகியவற்றுக்கு வந்த சட்டங்களைத் தேடிப் படிக்கும் முறை இது.

முதலில் உங்கள் ஊர் அப்போது யார் கையில் இருந்தது என்று பாருங்கள். இதைச் செய்யாமல் சென்னைக்கு ரயில் ஏறாதீர்கள். இன்றைய தமிழ்நாட்டு வரைபடம் அன்றைக்கு இல்லை. புதுக்கோட்டை தனி சமஸ்தானம். 1948 வரை அங்கே தொண்டைமான் அரசின் சட்டம்தான். கன்னியாகுமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூரோடும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம். இந்த ஊர்களுக்குச் சென்னை மாகாணச் சட்டத்தைக் காட்டினால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும். சென்னை மாநகரத்துக்கோ தனியாகவே நகராட்சிச் சட்டங்கள் உண்டு. 1884ஆம் ஆண்டின் மதராஸ் 1ஆம் சட்டம் அவற்றுள் ஒன்று.

மாகாணத்துக்குள்ளேயே இன்னொரு கோடு இருக்கிறது. சர்க்காருக்கு நேராக வரி கட்டிய ரயத்துவாரி ஊரா, ஜமீன் ஊரா? ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமென்றால் பெரும்பாலும் ஜமீன். 1802ஆம் ஆண்டின் 25ஆம் ரெகுலேஷன் ஜமீன்தார் சர்க்காருக்குக் கட்டவேண்டிய பேஷ்குஷ் தொகையை நிலையாக நிர்ணயித்துவிட்டது. அங்கே கண்மாய் மராமத்துக் கணக்கை ஜமீன் கச்சேரிக் காகிதத்தில்தான் தேட வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் அதிகம் கிடைக்காது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கண்மாய்கள் அரசின் பேரேட்டுக்கு வந்தன.

அடுத்து, சட்டத்தின் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். நான் முதன்முதலாக ஒரு நூலகத்தில் "1884ஆம் ஆண்டு 5ஆம் சட்டம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். இந்தியச் சட்டத் தொகுப்பை எடுத்து வந்து வைத்தார்கள். அரை நாள் புரட்டியும் நான் தேடிய உள்ளாட்சி அமைப்பான தாலுகா போர்டு என்ற சொல்லே கண்ணில் படவில்லை. "மதராஸ்" என்ற ஒரு சொல்லை நான் சேர்க்காததுதான் காரணம்.

கணக்கு இதுதான். 1834க்கு முன் சென்னை கவர்னரும் அவருடைய ஆலோசனை சபையும் போட்டவை ரெகுலேஷன்கள். 1834 முதல் 1861 வரை சென்னைக்குச் சட்டம் போடும் அதிகாரம் கல்கத்தாவிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் நம் மாகாணத்துக்கு மட்டும் உரிய சட்டமானாலும் இந்திய வரிசை எண்ணில்தான் வரும். 1861ஆம் ஆண்டின் கவுன்சில்கள் சட்டத்துக்குப் பிறகு சென்னைக்கு மீண்டும் சட்டமன்ற அதிகாரம் கிடைத்தது. அதற்கப்பால் "மதராஸ் சட்டம்" என்று தனி வரிசை ஓடுகிறது. ஆகவே 1858ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தியத் தொகுப்பிலும், 1884ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தை மதராஸ் தொகுப்பிலும் கேளுங்கள். எண்கள் எல்லாம் ரோமன் எழுத்தில் இருக்கும். நான்கையும் ஆறையும் மாற்றிப் படித்து ஏமாந்தவர்கள் பலர். பழைய தமிழ்க் காகிதங்களில் "1858-ம் வருஷத்து 1-வது ஆக்டு" என்ற நடையில் வரும். அதுவும் கண்ணுக்குப் பழக வேண்டும்.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு கண் வையுங்கள். ஊர்க் கணக்கரான கர்ணம் எழுதிய கணக்குகள் பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கில் இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். தொடக்கம் ஜூலை 1. பசலி 1294 என்றால் 1884 ஜூலை முதல் 1885 ஜூன் வரை. வெறுமனே "தாது வருஷம்" என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். பெரும் பஞ்சம் வந்த 1876-77ஆம் தாதுவா, அதற்கு அறுபது ஆண்டு முந்தையதா என்பதைக் காகிதத்தில் வரும் அதிகாரியின் பெயரையோ பதவியையோ வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.

இனிக் கண்மாய்க்கு வருகிறேன். நீங்கள் கையில் எடுக்க வேண்டியது 1858ஆம் ஆண்டின் 1ஆம் சட்டம். கட்டாய உழைப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டதும் பலர் வெறுப்போடு மூடிவிடுகிறார்கள். நான் அதை இருபது முறையாவது படித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய வரி கண்ணில் படுகிறது. அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் படிப்பதே முக்கியம்.

முதற்பகுதி ஆபத்துக் காலத்துக்கு. வெள்ளம் வந்து கரை உடையப் போகிறது, உடனே பெருங்கூட்டமாக ஆள் இறங்கினால்தான் காப்பாற்றலாம் என்ற நிலையில், பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வரவேண்டும் என்று அதிகாரி கட்டளையிடலாம். யாரை? உழைப்பாளர் வகுப்பைச் சேர்ந்த, உடல் வலுவுள்ள ஆண்களை. இந்தச் சொற்களை நிறுத்திப் படியுங்கள். கண்மாய்ப் பாசனத்தில் நெல் அறுத்தவர் யார், கரை உடையும் இரவில் மண் சுமக்கச் சட்டம் கூப்பிட்டது யாரை என்பது அந்த ஒரு தொடரில் வெளிப்பட்டுவிடுகிறது. ஒரு செண்டு நிலமும் இல்லாத குடும்பத்து ஆண் கூடையோடு போயிருக்கிறான். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் "ஊரே திரண்டு கரையைக் காத்தது" என்று எழுதுவதற்கு முன் இந்தப் பிரிவைப் பார்த்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இரண்டாம் பகுதி 6ஆம் பிரிவு. குடிமராமத்துக்கு, அதாவது ஊரார் தாங்களே கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் வழக்கத்துக்கு, எழுத்தில் கிடைத்த ஆதாரம் இதுதான். ஊர் வழக்கப்படி ஒரு பாசன வேலையோ வடிகால் வேலையோ ஊரார் கூட்டுழைப்பால் நடந்து வருகிறதென்றால், அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட ஒருவர் தக்க காரணமின்றி வர மறுத்தால், அவர் தரவேண்டிய உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு பணம் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் ஒருவருடைய பங்கு நான்கு ஆள், ஓர் ஆளின் கூலி 2 அணா என்று வைத்துக்கொண்டால், வேலையின் மதிப்பு 8 அணா (16 அணா ஒரு ரூபாய்). வராதவர் கட்டவேண்டியது 1 ரூபாய்.

இந்தப் பிரிவில் எந்த வேலை குடிமராமத்து என்ற பட்டியல் கிடையாது. "வழக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஆகையால் சட்டப் புத்தகம் உங்களுக்குப் பாதி விடைதான் தரும். மீதிப் பாதி ஊரில் இருக்கிறது. பொதுவாகக் கரையில் மழை அறுத்த ஓடைகளை மண்ணிட்டு மூடுவது, கரையில் முளைத்த செடிகொடிகளை வெட்டுவது, மடை முன்பு வண்டல் அள்ளுவது, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் செதுக்குவது எல்லாம் குடிகளின் பொறுப்பு; உடைப்பு அடைப்பதும் மடை, கலுங்குக் கட்டுமானமும் சர்க்கார் பொறுப்பு. ஆனால் "பொதுவாக" என்ற சொல் நீதிமன்றத்தில் நிற்காது. உங்கள் ஊரில் எது வழக்கம் என்பதற்குச் சான்று வேண்டும்.

அந்தச் சான்றுக்கு நான் போகும் வரிசையைச் சொல்கிறேன். கர்ணம் வேலை பார்த்த குடும்பத்தைத் தேடிப் போங்கள். 1980இல் அந்தப் பரம்பரைப் பதவி ஒழிந்தபோது எல்லாக் காகிதமும் தாலுகாவுக்குப் போய்விடவில்லை. பரணில் தகரப் பெட்டி இருக்கும். கேட்கும் முறையில் கேட்க வேண்டும்: "தாத்தா எழுதின கணக்கு ஏதாவது இருந்தால் பார்க்கலாமா அம்மா? இங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன்" என்று கேளுங்கள். எடுத்துக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிறகு மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சியின் வீட்டுக்குப் போங்கள். எந்த மடைக்கு எத்தனை ஆள், எந்தத் தெரு எந்தக் கரைப் பகுதி என்பது அவர் வாயில் மனப்பாடமாக இருக்கும். அதை அவர் சொன்னபடியே, சொன்ன நாளோடு எழுதி வாங்குங்கள். அதற்கப்புறம்தான் கலெக்டர் அலுவலகப் பதிவறையும், எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும். அங்கே நிலவரி நிர்வாகத்தைக் கவனித்த ரெவின்யூ போர்டின் நடவடிக்கைகள் நாள்வாரியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அட்டவணைத் தொகுதியை முதலில் கேட்டு வாங்குங்கள். கண்மாய்களைச் சீரமைக்க 1883இல் சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கியது. அதன்படி உங்கள் ஊர்க் கண்மாயை அளந்திருந்தால், கரையின் நீளம், மடைகளின் எண்ணிக்கை, அயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஊர்ப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடாதீர்கள். ஆங்கிலக் காகிதத்தில் ஓர் ஊர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். எங்கள் ஊர்ப் பெயரில் வரும் ழகரம் ஓரிடத்தில் லகரமாகவும் ஓரிடத்தில் யகரமாகவும் இருந்தது. ஒரு கோப்பு அதனாலேயே எனக்கு ஒரு மாதம் கழித்துக் கிடைத்தது.

சாலை, பாலம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு வழி வேறு. அங்கே "உழைப்பு" என்ற சொல் போய் "வரி" என்ற சொல் வந்துவிடுகிறது. யார் மண் சுமந்தார் என்று கேட்பதை விட்டு, யார் எவ்வளவு கட்டினார், அந்தப் பணம் யார் கையில் போனது என்று கேட்க வேண்டும். 1866ஆம் ஆண்டின் மதராஸ் 3ஆம் சட்டம் சாலைக்கென்று நிலத்தீர்வையில் ரூபாய்க்கு அரை அணா வரை கூடுதல் வரி போட்டது. 1871ஆம் ஆண்டின் மதராஸ் 4ஆம் சட்டம், அதாவது உள்ளூர் நிதிச் சட்டம், ரூபாய்க்கு ஓர் அணா வரை உயர்த்தியது. 20 ரூபாய் தீர்வை கட்டியவர் முன்பு 10 அணா கூடுதலாகக் கட்டியிருப்பார். பின்பு 1 ரூபாய் 4 அணா வரை. வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில் 1870இல் மத்திய சர்க்கார் பல செலவுகளை மாகாணங்களின் தலையில் இறக்கியதை நினைவில் வைத்துப் படித்தால் இந்த உயர்வின் காரணம் புரியும். கலெக்டரே அந்த நிதிக் குழுவுக்குத் தலைவர்.

1882 மே 18இல் வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம் வந்தது. அதை ஒட்டி 1884இல் இரண்டு சட்டங்கள் வந்தன: நகரங்களுக்கு மதராஸ் 4ஆம் சட்டம், கிராமப்புறத்துக்கு 5ஆம் சட்டம். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்ற மூன்று அடுக்கு இந்த 5ஆம் சட்டத்தில் பிறந்தது. உங்கள் ஊர்ச் சாவடியிலோ பழைய மருத்துவமனைக் கல்வெட்டிலோ "தாலுகா போர்டு" என்று இருந்தால் அது 1884க்கும் 1934க்கும் இடைப்பட்டது. 1934இல் தாலுகா போர்டுகளை எடுத்துவிட்டார்கள். "லோக்கல் பண்டு" (உள்ளூர் நிதி) என்று இருந்தால் 1871ஐ ஒட்டித் தேடத் தொடங்குங்கள். கல்லில் ஆண்டு அழிந்திருந்தாலும் இந்தச் சொற்களே காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தச் சட்டங்களை ஆங்கில மூலத்தில் படிக்கும்போது "ஷால்", "மே" என்ற இரண்டு சொற்களுக்கும் வேறு வேறு நிறத்தில் அடிக்கோடு இடுங்கள். "ஷால்" வந்தால் கடமை, "மே" வந்தால் அதிகாரம் மட்டும். நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற நீண்ட பட்டியலைப் பார்த்துவிட்டு, கிணறு வெட்டித்தருவது போர்டின் கடமை என்று வாதாட வந்த ஒரு நண்பரை நான் இப்படி அடிக்கோடு இடவைத்துத்தான் அமைதிப்படுத்தினேன்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது அடுத்த படி. சட்டம் நிறைவேறிய நாளும் அது உங்கள் ஊருக்கு வந்த நாளும் ஒன்று அல்ல. 1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம், நகரங்களைச் சீர்படுத்தும் சட்டம், ஊரார் தாமாகக் கேட்டால்தான் அமலாகும், கேட்டவர்கள் சொற்பம். 1865ஆம் ஆண்டின் மதராஸ் 10ஆம் சட்டத்தை அரசு ஊர் ஊராக அறிவித்து நீட்டியது. மதுரை, திருச்சி, கும்பகோணம், கோவை போன்ற நகராட்சிகள் 1866இல் தோன்றியது அப்படித்தான். அந்தச் சட்டத்தில் காவல் செலவில் ஒரு பங்கை நகரமே சுமக்க வேண்டியிருந்தது என்பதால் பல ஊர்கள் அதை ஆசையோடு வரவேற்கவில்லை. 1871ஆம் ஆண்டின் மதராஸ் 3ஆம் சட்டம்தான் அந்தச் சுமையை இறக்கியது. எனவே சட்டத்தைக் கண்டுபிடித்ததும் மகிழ்ந்து எழுந்துவிடாதீர்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் உங்கள் ஊர்ப் பெயரோடு வந்த அறிவிப்பைத் தேடுங்கள். அது 1832இல் தொடங்கியது. அந்த அறிவிப்பின் நாள் இல்லாமல் நான் எந்தக் குறிப்பையும் வழக்கறிஞர் மேசைக்கு அனுப்புவதில்லை.

சத்திரங்களுக்குத் தொடக்கம் 1817ஆம் ஆண்டின் 7ஆம் ரெகுலேஷன். கோயில், மசூதி மானியங்களோடு பாலம், சத்திரம் ஆகியவற்றுக்கு விட்ட மானியங்களையும் ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் அது வைத்தது. 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் கோயில்களையும் மசூதிகளையும் விடுவித்தது. சத்திரங்கள் சர்க்காரிடமே தங்கி, பிற்பாடு பல உள்ளாட்சி போர்டுகளுக்குப் போயின. தஞ்சை மராட்டிய அரசர்களின் சத்திரங்களைத் தேடுகிறவர்கள் கோயில் கோப்புகளில் காலத்தை வீணாக்க வேண்டாம்.

கடைசியாகச் சங்கங்கள். வாசகசாலை, பிரார்த்தனை மண்டபம், ஏழைப் பிள்ளைகளுக்கான நிதி என்று நம் பெரியவர்கள் ஆரம்பித்தவற்றுக்கு 1860ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம்தான் தாய். அதற்கு முன்பும் சங்கங்கள் இருந்தன: கசுலு லட்சுமிநரசு செட்டி 1852இல் தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் பதிவுச் சட்டம் வருவதற்கு முன்பே பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு எழுதியது. ஆகவே பதிவு எண் இல்லை என்பதற்காக ஒரு சங்கம் இருந்ததே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

1860ஆம் ஆண்டுச் சட்டம் சிறியது; ஒரே மாலையில் படித்துவிடலாம். ஏழு பேர் சேர்ந்தால் போதும். நோக்கத்தை எழுதிக் கையெழுத்திட்டு, 50 ரூபாய் கட்டணத்தோடு பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து 50 ரூபாய் சாதாரணத் தொகை அல்ல. ஒரு கிராம வாசகசாலை பதிவு செய்யாமலே இருந்திருந்தால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆண்டுப் பொதுக்குழு முடிந்து 14 நாளுக்குள் நிர்வாகிகள் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும். சந்தா மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தவருக்கு வாக்கு இல்லை. கலைப்பதற்கு ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர் இசைய வேண்டும். அப்படிக் கலைத்தாலும் மிச்சச் சொத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது, வேறொரு சங்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு வாசகசாலைக் கட்டடத்தைப் பேரன்கள் நால்வர் தங்களுக்குள் பாகம் பிரிக்க வந்தபோது, அந்த விதியின் நகலை எடுத்துக் காட்டியதும் பேச்சு நின்றது. இன்று நடப்பில் இருப்பது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். பழைய சங்கத்தின் பிறப்பைப் பழைய சட்டத்திலும் இன்றைய நிலையைப் புதிய சட்டத்திலும் பாருங்கள்.

எந்தச் சட்டமானாலும் ரத்துப் பிரிவையும் அதோடு வரும் விலக்குகளையும் படிக்காமல் மூடாதீர்கள். பழைய சட்டம் ரத்தானாலும் அதன்கீழ் சேர்ந்த சொத்தும் கடனும் யாருக்குப் போயின என்பது அங்கேதான் இருக்கும். உள்ளூர் நிதிக் குழுவிலிருந்து 1884ஆம் ஆண்டின் போர்டுகள், அவற்றிலிருந்து 1920ஆம் ஆண்டுச் சட்டம், 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம், 1994ஆம் ஆண்டுச் சட்டம் என்று கயிறு பிடித்து வந்தால் இன்று யாரிடம் மனு கொடுப்பது என்பது தெரிந்துவிடும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு அங்கேதான் கை வைக்கும்.

எங்கள் நடுமடைக்கு விடை கர்ணம் வீட்டுப் பெட்டியில் கிடைத்தது. பசலி 1301இல் எழுதிய ஒரு தாள்: மடை வாரியாக ஆள் கணக்கு, தெரு வாரியாகப் பெயர்கள், வராதவர் பெயருக்கு எதிரே ஒரு சுழி. நடுமடை இரண்டு தெருவுக்கும் பொது என்று அதில் இருந்தது. வழக்கறிஞர் அதை 6ஆம் பிரிவோடு சேர்த்து வைத்தார். தீர்ப்புக்கு முன்பே இரண்டு தெருவும் சமாதானமாகி, அந்த ஆண்டு சித்திரையில் வண்டலைச் சேர்ந்தே அள்ளின.

அப்படி ஒரு தாள் உங்களுக்குக் கிடைத்தால் அன்றைக்கே படம் எடுத்து, யார் வீட்டில், எந்த நாளில், எந்தக் கட்டில் இருந்தது என்று பின்புறம் தனித்தாளில் எழுதி இணைத்து, ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும் வையுங்கள். மூலத்தைப் பெட்டிக்குரிய வீட்டாரிடமே திருப்பிக் கொடுங்கள்.